ரீல்ஸ் பார்த்து டிக்கெட் போடாதீங்க... முதல்ல காற்றைக் கேளுங்க! வியட்நாம் முய் நே பயண கைடு

பெரிய பட்டம் ஒன்று வானத்தில் இழுக்க, காலில் பலகையைக் கட்டிய ஒருவர் அலை மேல் சீறிப் பாய்ந்து, நாலு ஆள் உயரத்துக்குத் துள்ளி, பஞ்சு மாதிரி மறுபடி தண்ணீரில் இறங்குகிறார். உங்கள் இன்ஸ்டாகிராமில் இந்தக் காட்சி ஒருமுறையாவது வந்துபோயிருக்கும். 'வாழ்க்கையில ஒரு தடவை நாமளும் பண்ணிப் பார்க்கணும்' என்று அதை சேவ் செய்தும் வைத்திருப்பீர்கள்.

அந்த ஆசையோடு நம் ஆட்கள் செய்கிற முதல் காரியம், பசங்களுக்கு ஸ்கூல் லீவு விடுகிற மே மாதத்தில் டிக்கெட் போடுவது. போய் இறங்கினால் கைட் சர்ஃபிங்குக்குப் பேர்போன கடற்கரையில் கைட்டைக் காணோம். பாதிப் பயிற்சிப் பள்ளிகள் மூடிக் கிடக்கின்றன. காரணம் எளிது. காற்று இல்லை!

கோவாவுக்கோ பாலிக்கோ போவது போல காற்று விளையாட்டு ஊருக்குப் போக முடியாது. இங்கே தேதியைக் குறிப்பது உங்கள் லீவு லெட்டர் இல்லை, காற்று. தேதி சரியாக அமைந்துவிட்டால் மற்ற எல்லாம் தானாக அமையும். அப்படி ஓர் ஊரான வியட்நாமின் முய் நே-வுக்கு எப்படித் திட்டமிடுவது என்று படிப்படியாகப் பார்க்கலாம்.

எங்கே இருக்கிறது முய் நே?

ஹோ சி மின் நகரத்திலிருந்து (நம் தாத்தாக்கள் சொல்லும் சைகோன்) வடகிழக்கே சுமார் 200 கிலோமீட்டர். ஃபான் தியெட் என்ற கடற்கரை நகரத்தை ஒட்டிய மீனவ ஊர்தான் முய் நே. மேப்பில் திருச்சியிலிருந்து நேர் கிழக்கே கோடு இழுத்தால் கிட்டத்தட்ட இந்த ஊரில் போய் முட்டும். அதனால் வெயில் நமக்குப் பழகிய வெயில்தான்.

முப்பது வருடங்களுக்கு முன்பு இது வெளியாட்கள் அதிகம் அறியாத ஊர். 1995 அக்டோபர் 24 அன்று முழு சூரிய கிரகணம் நிகழ்ந்தது. வட இந்தியாவில் தெரிந்த அதே கிரகணம் இங்கேயும் முழுமையாகத் தெரிந்தது. அதைப் பார்க்க வந்த கூட்டம் கடற்கரையையும் மணல் குன்றுகளையும் பார்த்து அசந்துபோக, அதன்பிறகு ரிசார்ட்டுகள் ஒவ்வொன்றாக முளைத்தன. அடுத்து காற்று தேடுகிறவர்கள் வந்தார்கள். ரஷ்யச் சுற்றுலாப் பயணிகள் அதிகம் வருவதால் கடைப் பலகைகளில் ரஷ்ய மொழியும் இருக்கும்.

நிர்வாகக் கணக்கில் இது பின் துவான் மாகாணமாக இருந்தது. 2025 ஜூலையில் மாகாணங்களை இணைத்தபோது லாம் டாங் மாகாணத்துடன் சேர்ந்துவிட்டது. விசா ஃபார்மிலோ புக்கிங்கிலோ இரண்டு பெயரும் வந்தால் குழம்ப வேண்டாம்.

எப்போது போகலாம்?

நவம்பரில் தொடங்கி மார்ச் வரை. டிசம்பரும் ஜனவரியும் பிப்ரவரியும் உச்சம். ஏப்ரலில் காற்று மெல்லத் தளரும்.

நமக்கு ஐப்பசி, கார்த்திகையில் மழை கொண்டுவருகிறதே வடகிழக்குப் பருவக்காற்று, அதன் சொந்தக்காரக் காற்றுதான் இங்கேயும் அடிக்கிறது. ஒரே வித்தியாசம், முய் நே பகுதிக்கு அது மழை கொண்டுவருவதில்லை. வியட்நாமிலேயே மழை குறைந்த பகுதிகளில் ஒன்று இது. கடற்கரையை ஒட்டி மணல் குன்றுகள் நிற்பதும் அதனால்தான். தேரிக்காடு பார்த்தவர்களுக்கு அந்தச் சிவப்பு மணல் பழகிய முகமாகத் தெரியும்.

காற்றுக்கு ஒரு தினசரி டைம்டேபிளும் உண்டு. காலையில் கடல் ஓரளவு அமைதியாக இருக்கும். வெயில் ஏற ஏற மணலும் தரையும் சூடாகி, மேலே எழும் காற்றின் இடத்தை நிரப்பக் கடல்காற்று உள்ளே வரும். ஏற்கெனவே அடிக்கும் பருவக்காற்றோடு இதுவும் சேர்ந்துகொள்ள, 11 மணி வாக்கில் வேகம் பிடித்து மாலை வரை அடிக்கும். நல்ல நாளில் 15 முதல் 25 நாட். ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கிலோமீட்டர். அதாவது மணிக்கு 28 முதல் 46 கிலோமீட்டர் வேகம். டூ வீலரில் போகும்போது முகத்தில் அறையும் காற்று, கடற்கரையில் நின்ற இடத்திலேயே அறையும்!

மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குக் காற்று. இது பலவீனமானது, சீராகவும் இருக்காது, மழையும் உண்டு. அப்போது போனால் ஊரைச் சுற்றிப் பார்க்கலாம், ரூம் மலிவாகக் கிடைக்கும். விளையாட்டுதான் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

லீவு கணக்குப் பார்த்தால் நம்மவர்களுக்குப் பொருத்தமானது பொங்கல் சமயம். கிறிஸ்துமஸ், புத்தாண்டு கூட்டம் குறைந்திருக்கும், காற்று உச்சத்தில் இருக்கும். ஒரு எச்சரிக்கை: ஜனவரி இறுதிக்கும் பிப்ரவரி நடுவுக்கும் இடையில் 'டெட்' எனப்படும் வியட்நாமியப் புத்தாண்டு வரும். அந்த வாரம் மொத்த நாடும் சொந்த ஊருக்குக் கிளம்பும். தீபாவளிக்கு முந்தைய நாள் கோயம்பேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பஸ் கிடைக்காது, ரூம் விலை ஏறும், கடைகள் மூடும். டெட் தேதி ஆண்டுதோறும் மாறும். டிக்கெட் போடும் முன் காலண்டரைப் பாருங்கள்.

எத்தனை நாள் வேண்டும்?

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். சும்மா பார்த்துவிட்டு வர இரண்டு நாள் போதும். கைட் சர்ஃபிங் கற்க வேண்டும் என்றால், ஊரில் மட்டும் குறைந்தது ஐந்து நாள் வேண்டும்.

ஒருவர் தனியாக, பாதுகாப்பாகப் பலகையில் நின்று ஓட்டும் அளவுக்கு வர பொதுவாக 9 முதல் 12 மணி நேரப் பயிற்சி தேவைப்படும். ஒரே நாளில் பத்து மணி நேரம் கற்க உடம்பு இடம் கொடுக்காது. நாளுக்கு இரண்டு, மூன்று மணி நேரமே அதிகம். அப்படியானால் நாலு நாள். காற்று வராத நாள் ஒன்றையும் கணக்கில் வையுங்கள். ஐந்தாவது நாள் அதற்குத்தான்.

இரண்டு வீக்எண்டையும் நடுவில் ஐந்து நாள் லீவையும் சேர்த்தால் ஒன்பது நாள். அதுதான் இந்தப் பயணத்துக்குச் சரியான அளவு. 'மூணு நாள்ல ஹோ சி மின், முய் நே, டா லாட் எல்லாம் கவர் பண்றோம்' என்கிற பேக்கேஜில் போனால், கடற்கரையில் நின்று மற்றவர்கள் விளையாடுவதை போட்டோ எடுக்கலாம். அவ்வளவுதான்.

எந்த விளையாட்டு உங்களுக்கு?

*விண்ட் சர்ஃபிங்:* பலகையில் பாய்மரம் நட்டு, அதைக் கையால் பிடித்து ஓட்டுவது. முதல் நாளே பலகையில் நின்று கொஞ்ச தூரம் போய்விடலாம். ஆரம்பப் பயிற்சிக்கு மெல்லிய காற்றே நல்லது. அதனால் காலை நேரம் இதற்கு. விழுந்தால் பிடித்துக்கொள்ள மிதக்கும் பலகை பக்கத்திலேயே இருக்கும்.

*கைட் சர்ஃபிங்:* இடுப்பில் ஹார்னஸ் கட்டி, 20 முதல் 25 மீட்டர் நீளக் கயிறுகளில் பறக்கும் கைட்டின் இழுப்பில் போவது. முதல் நாளில் பலகையைத் தொடவே மாட்டீர்கள். கரையில் சின்ன கைட்டைக் கட்டுப்படுத்தக் கற்று, பிறகு பலகை இல்லாமல் உடம்பையே கைட் தண்ணீரில் இழுத்துச் செல்லப் பழகி, அதற்குப் பிறகுதான் பலகை. ஆரம்பத்தில் பொறுமையைச் சோதிக்கும். பிடிபட்ட பிறகு விடமாட்டீர்கள்.

*விங் ஃபாயில்:* கையில் காற்று நிரப்பிய இறக்கை, பலகைக்கு அடியில் தண்ணீரைக் கிழிக்கும் ஃபாயில். இப்போது வேகமாகப் பரவுவது இதுதான். ஆனால் முதல்முறை கடலில் இறங்குபவருக்கு மேற்சொன்ன இரண்டில் ஒன்றே போதும்.

ஒரு உண்மையையும் சொல்லிவிடலாம். முய் நே கடல் கண்ணாடி போல இருக்காது. மதியக் காற்றில் கரையோரம் சின்னச் சின்ன அலைகள் விடாமல் மோதும். கற்றுக்கொள்பவருக்கு இது கொஞ்சம் சிரமம். பலம் என்னவென்றால் அடியில் மணல், தண்ணீர் வெதுவெதுப்பு, காற்று கரைக்குச் சாய்வாகக் கரையை நோக்கி அடிப்பது. தவறு நேர்ந்தால் கடலுக்குள் போகாமல் கரைக்கே தள்ளப்படுவீர்கள். கரையிலிருந்து கடலை நோக்கிக் காற்று அடிக்கும் நாளில் அனுபவசாலிகளே யோசிப்பார்கள், கற்றுக்குட்டிகள் இறங்கவே கூடாது. எந்த ஊர்க் கடலுக்குப் போனாலும் இதை நினைவில் வையுங்கள்.

பள்ளியிடம் கேட்க வேண்டிய ஆறு கேள்விகள்

கடற்கரை நெடுகப் பயிற்சிப் பள்ளிகள் இருக்கின்றன. ஆன்லைனில் ஸ்டார் ரேட்டிங்கை மட்டும் பார்த்துப் பணம் கட்டாதீர்கள். மெயிலிலோ வாட்ஸ்அப்பிலோ இவற்றைக் கேளுங்கள்.

1. பயிற்சியாளரிடம் ஐ.கே.ஓ போன்ற சர்வதேச அமைப்பின் சான்றிதழ் இருக்கிறதா? பள்ளிக்கு இருந்தால் போதாது, உங்களுக்குச் சொல்லித் தரப்போகும் ஆளுக்கு இருக்க வேண்டும்.
2. ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை மாணவர்கள்? ஒருவர் அல்லது இருவர் என்றால் நல்லது.
3. ஹெல்மெட், மிதவை ஜாக்கெட் கட்டணத்தில் சேர்ந்ததா?
4. தண்ணீரில் இருக்கும்போது பயிற்சியாளர் பேசுவது கேட்குமா? பல பள்ளிகளில் ஹெல்மெட்டில் ரேடியோ இருக்கும். அலைச் சத்தத்தில் இது பெரிய உதவி.
5. யாராவது காற்றில் அடித்துச் செல்லப்பட்டால் மீட்கப் படகு இருக்கிறதா?
6. காற்று இல்லையென்றால் பணம் திரும்புமா, வேறு நாளைக்கு மாறுமா? இதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கட்டணம் என்று பார்த்தால், தனிப் பயிற்சிக்கு மணிக்கு 50, 60 டாலர் என்பது பரவலான கணக்கு. பத்து மணி நேரத்துக்கு நம் காசில் 45,000 முதல் 55,000 ரூபாய் வரை ஆகலாம். விமான டிக்கெட்டைவிடப் பயிற்சிதான் பெரிய செலவு என்பதை முதலிலேயே மனதில் வையுங்கள். மொத்தப் பணத்தையும் முன்கூட்டியே கட்டாமல், முதல் நாள் வகுப்பைப் பார்த்துவிட்டு மீதியை முடிவு செய்வது நல்லது.

நீச்சல் தெரியாதே... பரவாயில்லையா?

பரவாயில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மிதவை ஜாக்கெட் உங்களை மூழ்கவிடாது என்பது உண்மை. ஆனால் தண்ணீர் முகத்தில் அடிக்கும்போது வரும் பதற்றத்தை ஜாக்கெட் தடுக்காது. பதறிய ஒருவர், தலைக்கு மேலே முழு பலத்தோடு இழுக்கும் கைட்டின் கட்டுப்பாட்டைக் கையில் வைத்திருக்கிறார் என்பதை யோசித்துப் பாருங்கள். உண்மையான ஆபத்து அதுதான்.

எனவே கிளம்புவதற்கு மூன்று மாதம் முன்பே பக்கத்து நீச்சல் குளத்தில் சேருங்கள். நிற்காமல் 200 மீட்டர் நீந்துவதையும், கால் எட்டாத ஆழத்தில் பத்து நிமிடம் பதறாமல் மிதப்பதையும் இலக்காக வையுங்கள். காற்று விளையாட்டு நமக்குச் சரிப்படுமா என்ற சந்தேகம் இருந்தால் ராமேஸ்வரம் பக்கமே கைட் சர்ஃபிங் கற்றுத் தருகிறார்கள். ஒரு வீக்எண்ட் அங்கே கைட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டு வியட்நாம் டிக்கெட் போடலாம்.

கடலில் இறங்கும் முன் மூன்று விஷயங்கள் கைக்குப் பழகியிருக்க வேண்டும். ஒன்று, கைட்டின் இழுப்பை உடனே துண்டிக்கும் குயிக் ரிலீஸ். கண்ணை மூடிக்கொண்டும் அதை இழுக்கத் தெரிய வேண்டும். இரண்டு, பயம் வந்தால் கைப்பிடியை இறுக்கிப் பிடிக்காமல் விட்டுவிடுவது. இழுத்துப் பிடித்தால் கைட் இன்னும் வேகமெடுக்கும், விட்டால் அடங்கும். நம் இயல்புக்கு நேர் எதிர் என்பதால் இதைப் பழக வேண்டும். மூன்று, தாழ்ந்து கிடக்கும் கயிற்றைக் கையால் பிடிக்காமல் இருப்பது. இறுகிய கைட் கயிறு கத்தி மாதிரி வெட்டும். மாஞ்சா நூலைப் பார்த்து வளர்ந்த நமக்கு விளக்கத் தேவையில்லை.

அடுத்தது இன்ஷூரன்ஸ். டிக்கெட்டோடு சேர்த்து டிக் செய்யும் சாதாரண டிராவல் பாலிசிகள் பலவற்றில் 'சாகச விளையாட்டுகள் நீங்கலாக' என்று ஒரு வரி ஒளிந்திருக்கும். கைட் சர்ஃபிங், விண்ட் சர்ஃபிங் பெயர் குறிப்பிட்டுச் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பாலிசியைப் படியுங்கள். இல்லையென்றால் கூடுதல் பிரீமியம் கட்டிச் சேருங்கள். பெரிய மருத்துவமனைகள் உள்ள ஹோ சி மின் நகரம் மூன்று, நாலு மணி நேரத் தூரம். ஒரு எலும்பு முறிவு வந்தால்கூட உங்கள் மொத்த பட்ஜெட்டையும் விழுங்கிவிடும். வியட்நாமில் ஆம்புலன்ஸ் எண் 115.

விசா, டிக்கெட், வழி

இந்தியர்களுக்கு வியட்நாம் இ-விசா கொடுக்கிறது. ஒருமுறை நுழைய 25 டாலர், பலமுறை என்றால் 50 டாலர். 2023 ஆகஸ்ட்டிலிருந்து 90 நாள் வரை செல்லுபடியாகிறது. அரசின் அதிகாரபூர்வ இணையதளத்தைப் போலவே பெயர் வைத்து அதிகக் கட்டணம் பறிக்கும் தனியார் தளங்கள் நிறைய. அரசு தளத்தின் முகவரி gov.vn என்று முடியும், அதை ஒருமுறை சரிபாருங்கள். இரண்டு வாரம் முன்பே விண்ணப்பியுங்கள்.

நம் ஊர்க்காரர்களுக்கு மட்டும் ஒரு சிக்கல் உண்டு. இனிஷியலாக இருந்த அப்பா பெயர், பாஸ்போர்ட்டில் சர்நேமாக இருக்கும். சிலருக்கு சர்நேம் கட்டம் காலியாகவே இருக்கும். விசாவில் பெயர் பாஸ்போர்ட்டின் படியே எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். ஒரு எழுத்து மாறினாலும் ஏர்போர்ட் கவுன்டரிலேயே தடுத்துவிடக் கூடும்.

திருச்சியிலிருந்து ஹோ சி மின் நகரத்துக்கு 2023 நவம்பரில் வியட்ஜெட் நேரடி விமானத்தைத் தொடங்கியது. நாலரை மணி நேரப் பயணம். சீசனுக்கு ஏற்ப அட்டவணை மாறும் என்பதால் போகும் வாரத்துக்கான நாள்களைப் பாருங்கள். சென்னையிலிருந்து கிளம்புபவர்களுக்கு கோலாலம்பூர், சிங்கப்பூர், பாங்காக் வழியாகவும் டிக்கெட் கிடைக்கும். வியட்நாம் நேரம் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் முன்னால்.

ஹோ சி மின் நகரத்திலிருந்து முய் நே-வுக்கு ஸ்லீப்பர் பஸ்கள் அடிக்கடி உண்டு. ரிசார்ட் சாலையிலேயே இறக்கிவிடுவார்கள். 2023-ல் ஃபான் தியெட் வரை எக்ஸ்பிரஸ்வே திறந்த பிறகு பயண நேரம் நன்றாகக் குறைந்திருக்கிறது. ஃபான் தியெட் வரை ரயிலும் உண்டு, அங்கிருந்து டாக்ஸி பிடிக்க வேண்டும்.

உள்ளூரில் சுற்ற கிராப் ஆப் போதும், லோக்கல் பஸ்ஸும் ஓடுகிறது. வாடகை ஸ்கூட்டரைப் பார்த்தால் கை துறுதுறுக்கும். நம்மூர் லைசென்ஸ் மட்டும் அங்கே செல்லாது. போலீஸ் நிறுத்தினால் அபராதம் என்பது சின்ன விஷயம். செல்லாத லைசென்ஸில் விபத்து என்றால் இன்ஷூரன்ஸ் பணம் வராது என்பதுதான் பெரிய விஷயம்.

எங்கே தங்கலாம்?

ஹாம் தியென் பகுதியில் கடலை ஒட்டியே ஓடும் நீண்ட சாலைதான் முய் நே-வின் முதுகெலும்பு. ஒரு பக்கம் ரிசார்ட்டும் கடலும், மறுபக்கம் கடைகளும் சின்ன ஹோட்டல்களும். சாலையின் உள்பக்கம் தங்கினால் செலவு பாதியாகும், நடந்தால் சில நிமிடத்தில் கடல்.

புக்கிங் செய்யும் முன் ஒரு கேள்வி அவசியம். 'உங்கள் ஹோட்டலுக்கு முன்னால் மணல் இருக்கிறதா?' கடல் அரிப்பால் இந்தக் கரையின் பல இடங்களில் மணல் போய்விட்டது. சிமென்ட் சுவரும் படிக்கட்டும்தான் மிச்சம். சீசனில் அலை சுவர் வரை வரும். ஹோட்டல் இணையதளத்தில் இருக்கும் மணல் பரப்பு எந்த வருடத்துப் படமோ! சமீபத்தில் தங்கியவர்கள் போட்ட படங்களைப் பாருங்கள். பயிற்சிப் பள்ளியை முதலில் முடிவு செய்து, அதற்கு நடக்கும் தூரத்தில் ரூம் போடுவது புத்திசாலித்தனம்.

கூட வருகிறவர்கள் என்ன செய்வார்கள்?

நீங்கள் கடலில் உருளும்போது அம்மாவோ மனைவியோ கணவரோ குழந்தையோ என்ன செய்வார்கள் என்று யோசிக்காமல் கிளம்பினால், மூன்றாம் நாள் சண்டை நிச்சயம். காற்று வருவதே 11 மணிக்குத்தான். அதுவரை உள்ள காலைப் பொழுதைக் குடும்பத்துக்குக் கொடுங்கள். குளிப்பதற்கும் காலைதான் ஏற்றது. மதியத்தில் அலையும் அதிகம், கைட்டுகளின் போக்குவரத்தும் அதிகம். கைட் விடும் இடத்துக்கு நடுவே குழந்தைகளை விடாதீர்கள்.

*வெள்ளை மணல் குன்றுகள்:* அல்லித் தாமரை பூக்கும் ஏரியை ஒட்டி, பாலைவனம் போல விரிந்த இடம். விடிவதற்கு முன்பே ஜீப்பில் கிளம்பி, சூரிய உதயம் பார்த்துவிட்டு ஒன்பது மணிக்குள் திரும்பிவிடலாம்.

*சிவப்பு மணல் குன்று:* ஊருக்குப் பக்கம், மாலைக்கு ஏற்றது. பிளாஸ்டிக் ஷீட்டில் உட்கார்ந்து சறுக்கலாம். வாடகையை முதலிலேயே பேசிவிடுங்கள், போனையும் பர்ஸையும் பத்திரமாக வையுங்கள்.

*தேவதை ஓடை:* கணுக்கால் அளவுத் தண்ணீரில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். இரு பக்கமும் சிவப்பும் வெள்ளையுமாக மண் சுவர்கள். குழந்தைகளுக்கு ரொம்பப் பிடிக்கும்.

*மீனவர் குடியிருப்பு:* கடற்கரையின் கிழக்குக் கோடியில், மூங்கிலில் பின்னிய வட்ட வடிவப் பரிசல்கள் நூற்றுக்கணக்கில் மிதக்கும். நம்ம ஒகேனக்கல் பரிசலின் கடல் பதிப்பு. அதிகாலையில் மீன் கரையேறும்போது போனால் ஊரின் உண்மையான முகம் தெரியும்.

*போ ஷானு கோபுரங்கள்:* நம்மவர்கள் தவறவே விடக் கூடாத இடம். எட்டாம் நூற்றாண்டின் இறுதியிலும் ஒன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் சம்பா நாட்டு மக்களான சாம்கள் கட்டிய செங்கல் கோயில்கள். ஃபான் தியெட் நகரத்துக்கு வெளியே குன்றின் மேல் நிற்கின்றன. பெரிய கோபுரம் சிவனுக்குரியது, உள்ளே லிங்கம் இருக்கிறது. இந்தப் பகுதியை உள்ளடக்கிய தென் சம்பாவின் பழைய பெயர் என்ன தெரியுமா? பாண்டுரங்கா! சாம் மக்களில் ஒரு பிரிவினர் இன்றும் இந்து மரபைப் பின்பற்றுகிறார்கள். அவர்களின் கேட் திருவிழா அக்டோபர் வாக்கில் இங்கே நடக்கும். இது வழிபாட்டு இடம், சுற்றுலா செட் இல்லை. தோளும் முழங்காலும் மறையும் உடையில் போங்கள்.

இரவில் இந்தப் பக்கம் பயணம் செய்தால் சாலையோர வயல்களில் ஆயிரக்கணக்கான பல்புகள் எரிவதைப் பார்க்கலாம். திருவிழா இல்லை, டிராகன் ஃப்ரூட் தோட்டங்கள். பகல் நீண்டிருக்கிறது என்று செடியை நம்பவைத்து, சீசன் இல்லாதபோதும் பூக்கவைக்கும் வித்தை. பழம் இங்கே மிக மலிவு.

சாப்பாடு எப்படி?

மீன் சாப்பிடுபவர்களுக்குக் கவலையே இல்லை. உயிரோடு இருப்பதைக் காட்டி, எடை போட்டு, சமைத்துத் தருவார்கள். கிலோ விலையா, தட்டு விலையா என்பதை ஆர்டருக்கு முன் கேளுங்கள். 'பான் கான்' என்று மண் குழிகளில் அரிசி மாவு ஊற்றிச் சுடும் பலகாரத்தைத் தேடிச் சாப்பிடுங்கள். நம் குழிப்பணியாரத்தின் சொந்தமோ என்று தோன்றும்.

சைவர்களுக்குத்தான் கவனம் தேவை. ஃபான் தியெட், 'நுவோக் மாம்' என்ற மீன் சாறுக்குப் புகழ்பெற்ற ஊர். நெத்திலியையும் உப்பையும் மாதக்கணக்கில் ஊறவைத்து எடுக்கும் அந்தச் சாறு, காய்கறிப் பொரியலிலும் இருக்கும். 'மீட் வேண்டாம்' என்றால் கறியை மட்டும் எடுத்துவிட்டு மீன் சாறு ஊற்றிக் கொடுப்பார்கள். 'சாய்' என்ற ஒரு சொல்லைக் கற்றுக்கொள்ளுங்கள். வியட்நாமில் சைவ உணவுக்கு அதுதான் பெயர், பலகையில் 'CHAY' என்று எழுதியிருக்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் பௌத்தர்கள் பலர் சைவம் சாப்பிடுவதால் அந்த நாள்களில் சைவக் கடைகள் களைகட்டும். அவசரத்துக்கு ரெண்டு பாக்கெட் தக்காளித் தொக்கு பையில் இருந்தால் தப்பில்லை.

பணத்தில் ஒரு ஜாக்கிரதை. நம் ஒரு ரூபாய்க்குக் கிட்டத்தட்ட 300 டாங். சைபர்கள் கண்ணைக் கட்டும். 20,000 நோட்டும் 5,00,000 நோட்டும் இரண்டுமே நீலச் சாயலில் இருக்கும். இருட்டில் டாக்ஸிக்காரரிடம் மாற்றிக் கொடுத்தால் ஒரு நாள் செலவு போச்சு. இரண்டையும் பர்ஸில் வேறு வேறு அறையில் வையுங்கள்.

பையில் என்ன வைக்கலாம்?

முழுக்கை ஸ்விம் டி-ஷர்ட், தண்ணீரில் கரையாத சன் ஸ்கிரீன், கயிறு கட்டிய கூலிங் கிளாஸ், கைக்கும் முட்டிக்கும் பிளாஸ்டர், வலி மாத்திரை, போனுக்கு வாட்டர் ப்ரூஃப் கவர். கண்ணாடி போடுபவர்கள் பயிற்சியாளரிடம் முன்பே சொல்லுங்கள். பவர் எவ்வளவு என்பதைப் பொறுத்து வழி சொல்வார்கள். மணல் காற்றில் பறக்கும் என்பதால் காண்டாக்ட் லென்ஸ் போடுபவர்களுக்கு கூடுதல் ஜோடி அவசியம்.

ஒன்பது நாள் பிளான்... ஒரு மாதிரி

*முதல் நாள்:* ஹோ சி மின் நகரத்தில் இறங்கி நேராக பஸ். மாலை கடற்கரையில் நடை மட்டும்.
*2 முதல் 5-ம் நாள் வரை:* காலை குடும்பத்துடன் ஓர் இடம், மதியம் பயிற்சி.
*6-ம் நாள்:* காற்று ஏமாற்றிய நாளுக்கான கையிருப்பு. ஏமாற்றவில்லையென்றால் கூடுதல் பயிற்சி.
*7-ம் நாள்:* போ ஷானு, ஃபான் தியெட் சந்தை, ஓய்வு.
*8, 9-ம் நாள்:* ஹோ சி மின் நகரம், ஷாப்பிங், ஊர் திரும்பல்.

இவ்வளவு திட்டமிட்டும் ஒரு மதியம் காற்று வராமல் போகலாம். கடற்கரையில் வரிசையாகக் கைட்டை விரித்து வைத்துக்கொண்டு, பல நாட்டுக்காரர்களும் கிழக்கே பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். நீங்களும் இளநீரோடு அவர்கள் பக்கத்தில் உட்காருங்கள். பயிற்சியாளர் 'இன்று வேண்டாம்' என்றால் கட்டிய காசை நினைத்து அடம்பிடிக்காதீர்கள். அந்தக் காசு நாளைக்கு மாறிக்கொள்ளும். அதற்காகத்தானே ஆறாம் நாளைக் காலியாக வைத்திருக்கிறோம்!